டி லா ஹேயைக் கொன்றது யார்? கடனை அடைத்தது யார்?

1919 அக்டோபர் 15 இரவு. சென்னை தேனாம்பேட்டையில் நியூவிங்டன் என்ற பெரிய பங்களா. அங்கே தூங்கிக்கொண்டிருந்த கிளமென்ட் டி லா ஹே என்ற ஆங்கிலேயர் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சாதாரண வெள்ளைக்காரர் அல்ல. ஜமீன் வாரிசுகள் தங்கிப் படித்த அந்த நிறுவனத்தின் முதல்வர். சந்தேகம் விழுந்தது அவரிடம் படித்த மாணவர்கள் மீது. ஒருவர் கடம்பூர் ஜமீன் வாரிசு, மற்றவர் சிங்கம்பட்டி ஜமீன் வாரிசு. இரண்டுமே திருநெல்வேலிச் சீமையின் ஜமீன்கள்.

சென்னையின் பழைய குற்றக் கதைகளைச் சொல்பவர்கள் இந்த வழக்கை விடாமல் சொல்வார்கள். வெள்ளைக்கார முதல்வர், இளம் ராஜாக்கள், துப்பாக்கி, கிசுகிசு என்று ஒரு சினிமாவுக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது. கடைசியில் "கொலைகாரர் யாரென்று இன்றுவரை தெரியாது" என்று கதையை முடித்துவிடுவார்கள்.

நாம் அங்கே முடிக்கக் கூடாது. இந்த வழக்கின் செலவுக் கணக்கைப் பின்தொடர்ந்து போனால் அது மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறது. மாஞ்சோலையில் தேயிலைச் செடியாக முளைக்கிறது. எண்பது ஆண்டுகள் கழித்துத் தாமிரபரணியில் பிணங்களாக மிதக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நியூவிங்டன் எதற்காக இருந்தது?

1802ஆம் ஆண்டு நிரந்தர நிலவரித் திட்டத்தின் மூலம் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் ஜமீன்தார்களை உருவாக்கியது. பழைய பாளையக்காரர்களில் கம்பெனிக்குப் பணிந்தவர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகையைக் கம்பெனிக்குக் கட்டிவிட்டால் போதும். நிலமும் காடும் அதில் உழைக்கிற குடிகளும் அவர்கள் கையில்.

ஒரு ஜமீன்தார் இறந்து, வாரிசு மைனராக இருந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற ஏற்பாடு. 1902இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. ஜமீனை அரசு நிர்வகிக்கும். வாரிசை அரசே படிக்க வைக்கும். அந்தப் பிள்ளைகள் தங்கிப் படித்த இடம்தான் நியூவிங்டன். ஆங்கிலம் பேசவும், ஆங்கிலேயர் போல விளையாடவும், சாப்பிடவும் கற்றுக்கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பிப் போய் அரசுக்கு விசுவாசமான ஜமீன்தார்களாக இருக்க வேண்டும் என்பதுதான் பாடத்திட்டத்தின் சாரம்.

அந்தப் பங்களாவுக்குள் இருந்த மனிதர்களை மேலிருந்து கீழாக எண்ணிப் பாருங்கள். உச்சியில் ஆங்கிலேய முதல்வர். அவருக்குக் கீழே ஜமீன் பிள்ளைகள். அவர்களுக்கும் கீழே சமையல்காரர், காவலாளி, குதிரைக்காரர், கூட்டுகிறவர். கொலையைப் பற்றி இன்று நாம் படிக்கிற கதைகளில் முதல் இரண்டு படிகள் மட்டுமே வரும். மூன்றாவது படியில் இருந்தவர்களுக்கு அந்தக் கதைகளில் முகமே கிடையாது. அன்றிரவு அந்த வளாகத்தில் யார் வந்தார், யார் போனார் என்று நன்றாகத் தெரிந்திருக்கக் கூடியவர்கள் அவர்கள்தான்.

கொலைக்கான காரணமாக இரண்டு பேச்சுகள் உலவின. முதல்வர் தமிழர்களைக் காட்டுமிராண்டிகள் என்று இழிவாகப் பேசினார், அது இளைஞர்களின் மானத்தைச் சுட்டது என்பது ஒன்று. முதல்வரின் மனைவியைப் பற்றிய கிசுகிசு இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு ஆண் கொல்லப்பட்டால் வீட்டுப் பெண்ணின் ஒழுக்கத்தைத் தோண்டுவது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். கிசுகிசு சாட்சியம் ஆகாது.

முதல் பேச்சைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வெள்ளைக்காரர் தன்னை இழிவாகப் பேசுகிறார் என்று ஒரு ஜமீன் வாரிசுக்குக் கோபம் வந்திருந்தால் அந்தக் கோபம் நியாயமானதுதான். இனவெறி இனவெறிதான். ஆனால் அந்தக் கோபம் எந்த இடத்தோடு நின்றுவிடுகிறது என்று பாருங்கள். அதே காலத்தில் தென்மாவட்ட ஜமீன் கிராமங்களில் நம் தாத்தாக்கள் செருப்புப் போட்டுத் தெருவில் நடக்க முடியாது. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. தேனாம்பேட்டையில் இழிசொல் வாங்குகிறவர், ஊருக்குப் போனால் இழிவுபடுத்துகிற அமைப்பின் தலைவர். அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கினார். ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் மேலே பார்த்து எரிச்சல், கீழே பார்த்து ஆறுதல். நியூவிங்டனில் அந்தப் படிக்கட்டின் உச்சியில் கூடுதலாக ஒரு வெள்ளைப் படியும் இருந்தது.

வழக்கு

காலத்தை மறந்துவிடாதீர்கள். 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம். ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலாபாக். அதற்கு ஆறு மாதம் கழித்து ஒரு ஆங்கிலேயர் படுக்கையில் சுடப்படுகிறார். சென்னையின் ஆங்கிலேயச் சமூகம் கொதித்தது. திருநெல்வேலி என்றால் அவர்களுக்கு இன்னொரு நினைவும் இருந்தது. 1911இல் அந்த மாவட்டத்தின் கலெக்டர் ஆஷ் மணியாச்சியில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஆனால் ஆஷ் கொலையைப் போல டி லா ஹே கொலையில் அரசியல் கடிதம் எதுவும் இல்லை. எனவே இதைத் தியாகக் கதையாக யாரும் கொண்டாடவில்லை.

சிங்கம்பட்டி வாரிசு அப்ரூவர் ஆனார். கடம்பூர் வாரிசு குற்றவாளிக் கூண்டில் நின்றார். சென்னையில் உணர்ச்சி கொந்தளிக்கும்போது நியாயமான விசாரணை நடக்குமா என்ற கேள்வி எழுந்தது. வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே ஜூரி முன்னால் விசாரணை நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை ஆனார்.

இதில் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. குற்றத்தில் தானும் பங்காளி என்று ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புக்கு வருகிறவர்தான் அப்ரூவர். தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவர் மீது பழிபோட அவருக்குக் காரணம் இருக்கிறது. அதனால் முக்கியமான அம்சங்களில் வேறு சாட்சியம் அவர் சொல்வதை உறுதிப்படுத்தாவிட்டால், அதை நம்பத் தகாததாக நீதிமன்றம் கருதலாம் என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் சொன்னது. எனவே இந்த விடுதலையைப் "பணக்காரன் தப்பித்தான்" என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான் போக வேண்டும். அது சரியான கொள்கை. அந்தச் சரியான கொள்கை யார் யாருக்குக் கிடைத்தது என்பதுதான் நம் கேள்வி.

கடம்பூர் வாரிசுக்காக வாதாடியவர்களில் ஒருவர் சென்னையின் பெயர்பெற்ற கிரிமினல் வக்கீல் டாக்டர் சுவாமிநாதன். பின்னாளில் நேதாஜியின் படையில் பெண்கள் படைப்பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமியின் அப்பா. இந்த வழக்குக்குப் பிறகு அதுவரை நட்பாக இருந்த ஆங்கிலேயர்கள் தங்கள் குடும்பத்தைப் பகைத்தார்கள் என்று லட்சுமி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு குற்றவாளிக்கூண்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளையும் கறுப்புமாக நகரமே பிரிந்து நின்றது என்பதற்கு இது சாட்சி.

இப்போது இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வையுங்கள். 1920 ஏப்ரல் 3. மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 15க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களுக்குச் சந்தேகத்தின் பலனும் இல்லை, ஜூரியும் இல்லை, பம்பாயும் இல்லை. பிறந்ததே குற்றம். முக்குலம் என்று ஒன்றாகச் சேர்த்துப் பேசப்படுகிற சாதிகளுக்குள்ளேயே, ஜமீன் வீட்டில் பிறந்தால் ஒரு சட்டம், கரிசல் காட்டில் பிறந்தால் வேறு சட்டம். வர்க்கம் என்பது என்ன என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மலை கைமாறியது

வழக்கு முடிந்தது. செலவு முடியவில்லை.

சிங்கம்பட்டி ஜமீனுக்கு மணிமுத்தாறுக்கு மேலே பெரிய காடு இருந்தது. திருவிதாங்கூர் மன்னருக்குச் செய்த போர் உதவிக்குப் பரிசாக அந்த மலை தங்களுக்குக் கிடைத்தது என்பது ஜமீன் தரப்பு மரபுக் கதை. டி லா ஹே வழக்கில் ஜமீன் பெரும் பணம் செலவழித்தது, கடன் ஏறியது, கடனை அடைக்க மலையைக் குத்தகைக்கு விட்டது என்று அந்த வட்டாரத்தில் பரவலாகச் சொல்கிறார்கள். மாஞ்சோலை பற்றி எழுதிய பலரும் இதையே எழுதியிருக்கிறார்கள்.

குத்தகை நடந்தது சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை. 1929 பிப்ரவரியில் சுமார் 8,374 ஏக்கர் காடு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. வாங்கியது பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி. 1863இல் தொடங்கிய இந்தக் கம்பெனி பர்மாவின் தேக்கு மரத்தில் கொழுத்தது. வெட்டிய மரத்துக்குச் சரியாகப் பணம் கட்டவில்லை என்று பர்மா மன்னர் திபாவின் அரசு அபராதம் போட்டது. அந்தத் தகராறைச் சாக்காக வைத்து 1885இல் பிரிட்டன் போர் தொடுத்தது. பர்மாவையே விழுங்கியது. திபா ரத்னகிரியில் சிறைவைக்கப்பட்டார். ஒரு ராஜ்யம் விழக் காரணமாக இருந்த கம்பெனிக்கு, கடன்பட்ட ஒரு ஜமீனிடம் மலையை வாங்குவது பெரிய வேலையா?

வழக்குச் செலவுதான் குத்தகைக்கு ஒரே காரணமா என்று யாராவது கேட்டால், அவசியம் இல்லை என்றே சொல்வேன். ஊதாரித்தனத்திலும் வழக்குகளிலும் கடன்பட்ட ஜமீன்கள் தமிழ்நாட்டில் நிறைய. கொலை நடக்காவிட்டாலும் இந்த மலை வேறொரு கடனுக்குப் போயிருக்கலாம். கொலை ஒரு தருணம். ஒரே ஒரு குடும்பம் கையெழுத்துப் போட்டு மூன்று தலைமுறைக்கு ஒரு மலையைக் கைமாற்ற முடியும் என்ற ஏற்பாடுதான் காரணம். அந்த மலையில் வாழ்ந்த காணிக்காரப் பழங்குடிகளையும், அடிவாரத்தில் கூலிக்கு ஏங்கிக் கிடந்த சேரிகளையும் கேட்டு அந்தக் கையெழுத்து விழவில்லை.

மலையேறியவர்கள்

காட்டை அழித்துத் தேயிலை நட ஆள் வேண்டும். திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கங்காணிகள் ஆள் பிடித்தார்கள். போனவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஏன் போனார்கள்? சமவெளியில் நிலம் இல்லை. மிராசுதாரிடம் பண்ணையாள். மலையில் குளிர், அட்டை, யானை, காய்ச்சல். ஆனால் மேலே சாதித் தெரு இல்லை என்று நம்பிப் போனார்கள். லயன் வீடுகளில் குடியேறினார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஒவ்வொரு எஸ்டேட்டாக எழுந்தது.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1952இல் சிங்கம்பட்டி ஜமீனும் ஒழிந்தது. நிலம் அரசுக்கு வந்தது. குத்தகை மட்டும் கம்பெனியிடமே நின்றது. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு அதில் விலக்கு. வெள்ளைக்காரன் போனான், ஜமீன் போனது, உச்சவரம்பு வந்தது. கொழுந்து பறித்த பெண்ணின் பெயரில் ஒரு சென்ட் நிலம் வரவில்லை. வேலையில் இருக்கும்வரை வீடு, ஓய்வு பெற்றால் மலையை விட்டு இறங்கு.

1998, 99இல் கூலி உயர்வு கேட்டு மாஞ்சோலைத் தொழிலாளிகள் போராடினார்கள். 600க்கும் மேற்பட்டோர் கைதாகித் திருச்சிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை விடுதலை செய்யக் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம். கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்கு அருகே போலீஸ் தடுத்தது, அடித்தது. ஒரு பக்கம் தடி, மறுபக்கம் ஆறு. ஜனங்கள் தாமிரபரணியில் இறங்கி ஓடினார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் பெண்கள் உண்டு, கைக்குழந்தையும் உண்டு.

விசாரணைக்கு நீதிபதி மோகன் ஆணையம் அமைக்கப்பட்டது. பெரும்பாலோர் நீரில் மூழ்கித்தான் இறந்தார்கள் என்று அறிக்கை வந்தது. போலீஸ் மீது தவறில்லை என்றது. இந்த 17 சாவுகளுக்காக ஒரு போலீஸ்காரர்கூடக் கொலைக் குற்றத்துக்குத் தண்டிக்கப்படவில்லை.

1919இல் ஒரு ஆங்கிலேயர் செத்ததற்கு மாகாணம் விட்டு மாகாணம் வழக்குப் போனது. நூறு ஆண்டு கழித்தும் "யார் சுட்டார்?" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1999இல் பட்டப்பகலில், கேமராக்களுக்கு முன்னால், மாவட்டத் தலைநகரின் நடுவில் 17 பேர் செத்தார்கள். அதை யாரும் மர்மம் என்று சொல்வதில்லை. எப்படிச் செத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் குற்றவாளி இல்லை. மர்மம் என்பதுகூட மேல்தட்டுச் சாவுக்குக் கிடைக்கிற மரியாதைதான் போலிருக்கிறது.

2028

99 ஆண்டுக் குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. 2018இல் இந்தப் பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2024இல், குத்தகை முடியும் முன்பே, கம்பெனி தொழிலாளிகளிடம் விருப்ப ஓய்வுப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சொன்னது. அரசின் டான்டீ நிறுவனம் தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளோடு இறங்கிப் போவதுதான் இப்போது அவர்கள் முன் வைக்கப்பட்டிருக்கும் வழி.

காடு காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பு இல்லை. அந்தக் காட்டை அழிக்க உத்தரவிட்டவர் லயன் வீட்டில் இருந்தவர் அல்ல. அழித்து லாபம் பார்த்தவரும் அவர் அல்ல. ஆனால் காட்டைக் காப்பாற்றும் செலவை மட்டும் அவர் தலையில் கட்டுகிறார்கள். ஜமீனின் கடனை அடைத்த அதே கைகள்தான் இப்போது சூழலியலின் கடனையும் அடைக்க வேண்டும் என்கிறார்கள்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். பழங்குடி அல்லாத பிற பாரம்பரிய வனவாசிகள் உரிமை கோர வேண்டுமானால், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், வனத்தில் வசித்து வனத்தைச் சார்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். கணக்குப் போடுங்கள். 1930 டிசம்பருக்கு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். குத்தகை 1929. கூலித் தொழிலாளிக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்பதே பெரிய வாதம். அந்த வாதத்தில் ஒருவேளை வென்றாலும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: உன் பூட்டன் 1930க்கு முன் மலையேறினானா, பின்னால் ஏறினானா? ஆதாரம் எங்கே?

இங்கேதான் வரலாறு படிக்கிற உங்களுக்கு வேலை இருக்கிறது. டி லா ஹே வழக்கின் தாள்கள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கும். அந்தக் கொலையைப் பற்றி இன்னும் நூறு பேர் எழுதுவார்கள். 1929இல் முதல் கங்காணியோடு மலையேறிய பெண்ணின் பெயரை யார் எழுதுவார்? மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் விக்கிரமசிங்கபுரம், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வட்டாரங்களிலும் இன்னும் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். போய் உட்காருங்கள். பாட்டிகளிடம் கேளுங்கள். முதலில் மலையேறியவர் யார், எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோடு, எந்த எஸ்டேட்டுக்கு என்று தேதி போட்டு எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு, பி.எப். தாள், ரேஷன் கார்டு, பிறப்புப் பதிவு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, பள்ளிச் சான்றிதழ் எது கிடைத்தாலும் போட்டோ எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சொல்கிறவரின் சம்மதத்தோடு குரலையும் பதிவு செய்யுங்கள்.

அடுத்த முறை யாராவது நியூவிங்டன் கொலைக் கதையைச் சுவாரசியமாகச் சொன்னால் கேளுங்கள். கேட்டு முடித்ததும் மாஞ்சோலையைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். குத்தகை முடிய அதிக நாள் இல்லை. அதற்குள் நம் கையில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும்.

ஜெய் பீம்.